கோடாலிப் பெட்டி

மைமால்ஹாட்டி மேட்டின் வடக்குக் கரையில் விடிவதற்குள் இரண்டு முழ மண் கரைந்து போயிருந்தது. முந்தின நாள் அங்கே நின்ற வாழை தண்ணீரில் குப்புறக் கிடந்து ஆடியது. ஜைகுன் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூங்கில் முளைகளைப் பிடித்துக்கொள்ள, அவள் புருஷன் சுனாபர் அலி மேலே இருந்து மரச் சுத்தியால் அடித்தான். முளைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஆகாயத்தாமரையை வாரித் திணித்து மிதிக்க வேண்டும். அலை வந்தால் அதைத்தான் முதலில் தின்னும். தின்றுவிட்டுப் போனால் மறுபடி திணிக்க வேண்டும். ஹாவர் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தாழ்நிலம் கோடையில் நெல் வயல், மழைக்காலத்தில் கரை தெரியாத தண்ணீர். ஊர்கள் அதில் மேடுகளாக நிற்கும். மேடு கரைந்தால் ஊர் கிடையாது.

"நேராப் பிடி. கோணலாப் போகுது."

"நேராத்தான் இருக்கு. நீங்கதான் கோணலா அடிக்கிறீங்க."

"வாய மூடிட்டுப் பிடி."

"வாய மூடினா முளை நேராயிடுமா?"

அவன் அடிப்பதை நிறுத்திவிட்டு வடகிழக்கைப் பார்த்தான். மேகம் இன்னும் மலைப் பக்கத்திலேயே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பும். அதற்கப்புறம் ஹாவரில் எழும்பும் அலையை எங்கள் பக்கம் ஆபால் என்பார்கள். கடல் அலை மாதிரி வரிசையாக வராது. நாலு பக்கமும் இருந்து அடிக்கும்.

"போறதா இருந்தா இப்பவே கிளம்பணும்" என்றாள் ஜைகுன். முளையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

சுனாபர் மறுபடி சுத்தியை ஓங்கினான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுப் போடும் முதல் நாள். சில்ஹெட் ஜில்லா அசாமோடேயே இருப்பதா, இல்லை கிழக்கு வங்காளத்தோடு சேர்ந்து புதிதாக வரப்போகிற பாகிஸ்தானுக்குப் போவதா என்று ஜனங்களைக் கேட்டிருந்தார்கள். அசாமில் இருக்க நினைப்பவர்களுக்கு வீட்டுக் குறி. பாகிஸ்தான் வேண்டுமென்றால் கோடாலிக் குறி. இன்றும் நாளையும் ஓட்டு. ஒரு மாதமாக ஹாவரில் போன ஒவ்வொரு படகிலும் யாராவது கோடாலியையோ வீட்டையோ பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கொக்குகூடப் பயந்து வேறு பக்கம் போய்விட்டது.

வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. கட்டுகிறவனின் பெண்சாதிக்கும் உண்டு. மைமால்ஹாட்டியில் இருந்த முப்பது வீட்டில் அப்படி ஓட்டுள்ள பெண்கள் மூன்று பேர். ஜைகுன், தோத்தா மியா பெண்சாதி கமருன், இர்ஷாத் பெண்சாதி ஆங்குரா. மூன்று பேரும் ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஹயாத்து, அதாவது ஆயுசு, குறையும். ஓட்டுச் சாவடியிலோ புருஷன் பேரைத்தான் முதலில் கேட்பார்களாம். அதனால் கமருன் புருஷன் பேரை ஜைகுன் சொல்வது, ஜைகுன் புருஷன் பேரை ஆங்குரா சொல்வது, ஆங்குரா புருஷன் பேரைக் கமருன் சொல்வது என்று பேசி வைத்திருந்தார்கள்.

காலையில் அது உடைந்தது. நாலு ஆம்பளைகள் முறைத்துப் பார்க்கும் இடத்துக்கு என் பெண்சாதி போக வேண்டியதில்லை என்று தோத்தா மியா சொல்லிவிட்டான். ஆங்குராவுக்கு ஏழு மாதம். வானத்தைப் பார்த்தவுடனே அவள் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

ஜைகுன் தண்ணீரை விட்டு ஏறி வந்தாள். அடுப்படியில் அவள் அக்கா ஷோனாபான் நொய்க் கஞ்சி காய்ச்சி, சுட்ட கருவாட்டை மிளகாயோடு நசுக்கிக்கொண்டிருந்தாள். ஷோனாபானும் இரண்டு பிள்ளைகளும் கார்த்திகையிலிருந்து இந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் மேலே அசாமில், காட்டை வெட்டி வயலாக்கி அங்கேயே குடியிருந்தார்கள். அது மேய்ச்சல் நிலம் என்று அசாம் சர்க்கார் ஆட்கள் யானைகளோடு வந்தார்கள். யானை வீட்டின் நடுக்காலைத் தும்பிக்கையால் பிடித்து இழுத்தது. கூரை அப்படியே உட்கார்ந்தது. ஷோனாபானின் புருஷன் அங்கேயே எங்கோ கூலி வேலை பார்ப்பதாகத் தகவல். அதுவும் மாசியோடு நின்றுவிட்டது.

"என்ன சொல்றாரு?" என்றாள் ஷோனாபான்.

"ஒண்ணும் சொல்லல, ராத்தா."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"கேட்ட லட்சணம்." அம்மிக்குழவியை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "எனக்கு ஓட்டு இருந்தா நீந்திப் போயிருப்பேன்டி. எனக்கு வரி கட்ட வீடு இல்ல. அதை யானை தின்னுடுச்சு. உனக்கு வீடும் இருக்கு, ஓட்டும் இருக்கு. நீ முளை அடிச்சிட்டு இருக்க."

"முளை அடிக்கலேன்னா இந்த வீடும் போயிடும்."

"அடி, அடி. இங்கயும் நாளைக்கு எவனாவது யானைய ஓட்டிட்டு வருவான். அப்ப முளையா தடுக்கும்? ஒண்ணு கவனிச்சியா, அவனுங்களுக்கு என்ன குறி? வீடு! இடிச்சவனுக்கு வீட்டுக் குறி. யாரு குடுத்தாங்களோ, சிரிச்சிட்டே குடுத்திருப்பாங்க."

சுனாபர் வந்து உட்கார்ந்தான். கஞ்சியை உப்புப் போட்டுக் கலக்கிக் குடித்தான். அவன் நெஞ்சில் இருந்தது வேறு. வைகாசிக் கடைசியில் மிராசு சௌத்ரி வீட்டில் கூட்டம் போட்டார்கள். இனி முஸ்லிம்களுக்குள் பெரியவன் சின்னவன் இல்லை என்று டாக்காவிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் பேசினார். சுனாபர் நம்பினான். பெஞ்சின் ஓரத்தில் காலியாயிருந்த இடத்தில் உட்கார்ந்தான். வேலைக்காரன் வந்து குனிந்து, வெளியே பாய் போட்டிருக்கு என்று காதில் சொன்னான். எழுந்து வெளியே போனபோது திரும்பிப் பார்த்தான். வேலைக்காரன் அந்த ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மைமால் என்றால் மீன்பிடிக்கிறவன். கலிமா ஒன்றுதான், பள்ளிவாசல் ஒன்றுதான், மையத்துத் தொழுகை ஒன்றுதான். ஆனால் பெண் கொடுக்க மாட்டார்கள், பெஞ்சு கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கே அவன் ஆணையிட்டான், சௌத்ரியின் கோடாலிக்கு என் படகில் துடுப்பு நனையாது என்று.

"தம்பி" என்றாள் ஷோனாபான், "பெஞ்சுல உக்கார விடாதவன் ஒருத்தன். வீட்டை இடிச்சவன் ஒருத்தன். ரெண்டுல எது பெருசு?"

"நான் வீட்டுக்குப் போடப் போறேன்னு யாரு சொன்னது? எதுக்கும் போடலை. அவ்வளவுதான்."

"எதுக்கும் போடாம இருந்தா சௌத்ரிக்கு என்ன நட்டம்? அவருக்கு எந்த நாடு வந்தாலும் பெஞ்சு இருக்கும்."

ஜைகுன் கொடியில் கிடந்த வெள்ளைப் போர்வையை எடுத்து உதறினாள். "சின்னப் படகை நானே எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"எங்க போற?"

"காஜிர்ஹாட்டுக்கு."

"சின்னப் படகுலயா? ஆறு மைல் ஹாவர்லயா?"

"எங்க வாப்பா வீட்டுல நான் துடுப்புப் போட்டிருக்கேன்."

"உங்க வாப்பா வீட்டுல குட்டைதான் இருந்துச்சு. அதுல எருமையே நடந்து போகும்."

அவள் போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தாள். பன்னிரண்டு வயது மகள் ரூப்ஜான் பின்னாலேயே ஓடி, சின்னப் படகின் கயிற்றை அவிழ்க்கப் போனாள். சுனாபர் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தான். கை கழுவவில்லை. நேராகப் போய்ப் பெரிய படகின் கட்டை அவிழ்த்தான்.

"ஏறு" என்றான். "ஆனா ஒண்ணு. இது கோடாலிக்குப் போடற துடுப்பு இல்ல. பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போற துடுப்பு. கணக்கு வேற."

"சரி, சரி. பாத்து, ஆணை நனைஞ்சிடப் போகுது."

"தகரக் குவளைய எடுத்துக்க. தண்ணி இறைக்கணும்."

மேட்டின் ஓரத்தில் தோத்தா மியா நின்று பாக்கு மென்றுகொண்டிருந்தான். "எங்கண்ணே, ஜோடியா? மாமியார் வீட்டுக்கா?"

"உன் வேலையப் பாருடா" என்றான் சுனாபர்.

*

போகும்போது எதிர்க்காற்று, அன்று முன்னதாகவே கிளம்பிவிட்டது. பெரிய படகுக்கு மூன்று பேர் வேண்டும். இருந்தது இரண்டு பேர். சுனாபர் பின்னால் நின்று பெரிய துடுப்பைத் தள்ளினான், ஜைகுன் முன்னால் உட்கார்ந்து சின்னத் துடுப்பைப் போட்டாள். முழுகின நெல் வயல்களுக்கு மேல் போனார்கள். தாள் அழுகின வாடை தண்ணீருக்கு மேலேயே நின்றது. ஓரிடத்தில் நாணல் கூட்டத்துக்குள் ஒதுங்கி மூச்சு வாங்கினார்கள். அவள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. காட்டவில்லை. அவன் பார்த்தான். வெற்றிலையில் பச்சைப் பாக்கு வைத்து மடித்து நீட்டினான்.

காஜிர்ஹாட் போய்ச் சேர, பொழுது சாயும் அஸர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடக் கரையில் நூறு படகுக்கு மேல். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. கட்டுவதற்கு முளை இல்லை. யாராவது நின்று கழியால் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்காவிட்டால் படகு மூங்கில் பாலத்தில் மோதிப் பிளந்துவிடும்.

"நீ போ. நான் படகைப் பாத்துக்கறேன்."

"தனியாவா?"

"தனியாத்தானே வரேன்னு சொன்ன?"

அவள் போனாள். தகரக் கூரைப் பள்ளிக்கூடம். மழை பிடித்துக்கொண்டதில் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அறையின் நடுவே மூங்கில் பாய் கட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பாய் முடிகிற இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு மேசை. ஷில்லாங்கிலிருந்து வந்த சின்ன வயது பாபு பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நிமிஷத்துக்கு ஒரு தரம் துடைத்தார். ஒரு பக்கம் வீட்டுக் கட்சி ஏஜெண்ட், மெலிந்த மௌல்வி ஒருவர். தேசத்தைத் துண்டு போட வேண்டாம் என்பது அவர் எண்ணம், அதை மறைக்கவுமில்லை. மறுபக்கம் கோடாலிக் கட்சி ஏஜெண்ட் எக்லாஸ் சௌத்ரி, மிராசு சௌத்ரியின் அண்ணன் மகன். ஏஜெண்டுகள் பட்டியலை எட்டிப் பார்க்கக் கூடாது என்று காலையிலேயே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது.

சாவடியை மூட இன்னும் கால் மணி நேரம்தான் என்று வாசலில் நின்ற சேவகன் கத்தினான்.

"பேரு?" என்றார் பாபு.

"ஜைகுன் பீபி."

"ஊரு?"

"மைமால்ஹாட்டி."

பாபு விரலால் தடவிக்கொண்டே போனார். "இதுல ஊர்வாரியா இல்ல, மூணு ஜைகுன் பீபி இருக்காங்கம்மா. புருஷன் பேரு?"

ஜைகுன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரூப்ஜான் வாப்பா" என்றாள்.

பாய்க்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"ரூப்ஜான் வாப்பான்னு இதுல யாரும் இல்லையேம்மா. பேரு சொல்லுங்க."

"பெரிய படகு வச்சிருக்காங்க. வடக்குக் கரையில வீடு."

"வீடு படகெல்லாம் எழுதலம்மா இதுல."

மௌல்வி மரியாதையாகத்தான் பேசினார். "பாபு, காலையிலேருந்து முகம் மூடி வந்து ரெண்டு தரம் போட்டவங்க இருக்காங்க. இந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல. புருஷன் பேரைச் சொல்லட்டும், போடட்டும். இல்லேன்னா கூடாது."

எக்லாஸ் சௌத்ரி கையை ஆட்டினார். "அட, எனக்குத் தெரியும் பாபு. நான் சாட்சி. நம்ம மைமால் பொண்டாட்டிதான் இது."

"எந்த மைமால்?"

"அதான்... நம்ம வீட்டுக்கு மீன் கொண்டு வருவானே. உயரமா, கழுத்துல ஒரு தழும்பு இருக்கும். பதினெட்டு வருஷமா வரான்."

"பேரு என்ன சாகிப்?"

எக்லாஸ் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தது. பிறகு ஜைகுனைப் பார்த்தார், அவள் எடுத்துக் கொடுப்பாள் என்கிற மாதிரி. அவள் அந்தப் பார்வையைப் போர்வை இடுக்கு வழியாகப் பார்த்தாள். இந்த மனுஷனின் பிள்ளைகள் எல்லார் பேரும் அவளுக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்குக் கெளுத்தி ஆகாது, எதற்கு ரோகு மீனின் தலை வேண்டும் என்பது வரைக்கும் தெரியும்.

"மைமால்னுதான் கூப்பிடுவோம்" என்றார் எக்லாஸ். "வீட்டுல எல்லாருமே அப்படித்தான்."

"அப்ப சாட்சி செல்லாது" என்றார் மௌல்வி.

"புருஷன் வந்திருக்காராம்மா?" என்றார் பாபு.

"கரையில இருக்காங்க. படகை விட்டுட்டு வர முடியாது. விட்டா உடைஞ்சிடும்."

"வந்தாலும் அவருதான் புருஷன்னு யாரு சொல்றது?" என்றார் மௌல்வி.

சேவகன் மறுபடி கத்தினான். பின்னால் நின்ற பெண்கள் முதுகில் இடித்தார்கள். நகரு, சொல்ல மாட்டேன்னா நகரு, நாங்க போடணும் என்றாள் ஒருத்தி.

ஜைகுனின் தாய் வீட்டுப் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். படகு கவிழ்ந்து புருஷன் தண்ணீரில் போனபோது கரையிலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அவன் செத்தான். இவள் கூப்பிட்டதால்தான் செத்தான் என்று ஊரே சொன்னது. தண்ணீரில் மூழ்கினதால் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவளை யாரும் கல்யாணத்துக்கு அழைத்ததில்லை. ஜைகுன் அவளோடு பேசினதுமில்லை. இப்போது கரையில் ஒருவன் கழியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் போக ஆறு மைல் தண்ணீர் இருந்தது. காற்று வலுத்துவிட்டது. தகரம் அதிர்ந்தது.

திரும்பிப் போனால் ஷோனாபான் அடுப்படியில் இருப்பாள். என்ன ஆச்சு என்பாள். பேரு சொல்ல முடியல ராத்தா என்று சொல்ல வேண்டும்.

"சுனாபர் அலி" என்றாள்.

"என்னம்மா? மழையில கேக்கல."

"சுனாபர் அலி!"

பாய்க்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. முதுகில் இடித்தவள் "அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மௌல்வி தலையைக் குனிந்துகொண்டு, சரி, கொடுங்க என்றார்.

திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். ஒன்றில் வீட்டுப் படம். கூரையும் வாசலும் ஒழுங்காக வரைந்திருந்தார்கள். மழை ஒழுகாத வீடு. மற்றதில் கோடாலி, காம்பு கொஞ்சம் கோணல். சீட்டு அவள் ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு கோடாலிப் பெட்டியின் வாயில் மடங்கி நின்றது. நகத்தால் குத்தி உள்ளே தள்ளினாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

*

திரும்பும்போது பின்காற்று. படகு தானாகவே ஓடியது, அதுதான் பயம். ஆபால் எழும்பிவிட்டது. ஜைகுன் காலடியில் சேரும் தண்ணீரைக் குவளையால் இறைத்துக்கொண்டே இருந்தாள். பாதி தூரம் வந்தார்கள்.

"போட்டியா?" என்றான் சுனாபர்.

"போட்டேன்."

"பேருக்கு என்ன பண்ணினே? ஆங்குராவும் இல்ல, கமருனும் இல்ல."

அவள் இறைப்பதை நிறுத்தவில்லை. "நான்தான் சொன்னேன்."

"யாரு பேரை?"

"உங்க பேரைத்தான். வேற யாரு பேரைச் சொல்லுவேன்?"

துடுப்பு இரண்டு தரம் விழுந்து எழுந்தது.

"மெதுவாவா?"

"மெதுவாத்தான். மழையில பாபுக்குக் கேக்கல. அப்புறம் சத்தமா சொன்னேன்."

"எக்லாஸ் அங்கதானே இருந்தான்? ஏஜெண்டுதானே அவன்? அவன் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லப் பாத்தாரு. அவருக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"உங்க பேரு. மைமால்னுதான் தெரியுமாம். பதினெட்டு வருஷமா மீன் கொண்டு வர்ற மைமால்."

சுனாபரின் கை நின்றது. அவ்வளவுதான், வேறெதுவும் அவன் செய்யவில்லை. ஆனால் பின்துடுப்பு நின்றதும் படகு குறுக்கே திரும்பியது. பக்கவாட்டில் ஓர் அலை ஏறி ஜைகுனின் மடிவரைக்கும் கொட்டியது. அடுத்தது படகை ஒரு பக்கமாகச் சாய்த்தது. குவளை கையை விட்டு நழுவித் தண்ணீரில் போயிற்று.

"துடுப்பு! துடுப்பைப் போடுங்க!"

அவன் விழித்துக்கொண்டவன் மாதிரி துடுப்பை நெஞ்சோடு சேர்த்து அழுத்தினான். படகு முனகிக்கொண்டு நிமிர்ந்தது. ஜைகுன் போர்வையை அவிழ்த்து, நனைத்துப் பிழிந்து, நனைத்துப் பிழிந்து தண்ணீரை எடுத்தாள். தலை வெறும் தலையாக இருந்தது. "என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "சொன்னேன், உடனே வந்துடுச்சு. என் வாயாலதான் வந்துச்சு."

"ஏய்! அங்க பாரு. ஆனி மாசம், சாயங்காலம், வடகிழக்குக் காத்து. இது நீ சொன்னாலும் வரும், சொல்லாட்டியும் வரும். நான் செத்தா தண்ணியில சாவேன், உன் வாயால இல்ல. தண்ணிய எடு!"

நாணல் கூட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் படகு ஆடுவது நின்றது. இரண்டு பேரும் நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவன் கழுத்துத் தழும்பைச் சொறிந்தான்.

"ஹில்சா வந்தா சினை இருக்கற பக்கம் எனக்குன்னு கேட்டு வாங்குவான்" என்றான். "அவன் காய்ச்சல்ல கிடந்தப்ப நாரத்தைத் தோல் போட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி நான்தான் கொறவை மீன் பிடிச்சுக் கொண்டு போனேன். பதினெட்டு வருஷம். பேரு தெரியல."

ஜைகுன் போர்வையைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு நான் போறேன்."

"எதுக்கு?"

"ஓட்டுப் போடத்தான். எனக்கு இருக்கில்ல?"

"ஆணை?"

"ஆணை துடுப்புக்குத்தான் போட்டேன். நாளைக்குப் பாய்மரத்துல பாயைக் கட்டிட்டுப் போறேன்."

அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "கோபத்துல வீட்டுப் பெட்டியில போட்டுடாதீங்க."

"உங்க அக்கா வீட்டை இழுத்த யானைக்கா நான் ஓட்டுப் போடுவேன்? கோடாலிக்குத்தான். எக்லாஸ் கேக்கறான்னு நமக்கு வேணாம்னு ஆயிடுமா? பாகிஸ்தான் என்ன, அவங்க வாப்பா வெட்டின குளமா? ஆனா அவன் முன்னால நின்னுதான் போடுவேன். அவன் காதுல என் பேரு விழணும். என் வாயால விழணும்."

அதற்கப்புறம் வீடு வரும்வரை அவர்கள் கரையைப் பற்றித்தான் பேசினார்கள். எத்தனை முளை மிச்சம் இருக்கிறது, மேற்குப் பக்கம் நாணல் போதுமா என்று.

*

காலையில் ஜைகுன் அடுப்பைச் சாணியால் மெழுகிக்கொண்டிருக்கும்போது கமருன் வேலிப் பக்கம் வந்து நின்றாள். முக்காட்டைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் இருக்காரா, மதினி?"

"எங்க போவாரு?"

"இல்ல... எழுந்துட்டாரா?"

"எழுந்து, குளிச்சு, மூணு கிண்ணம் கஞ்சி குடிச்சிட்டாரு."

"இருமல் கிருமல்?"

"இல்ல."

"நெஞ்சு வலி?"

"போடி, நீயே போய்க் கேளு. கரையிலதான் முளை அடிக்கிறாரு. சுத்தி சத்தம் கேக்கல?"

கமருன் காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் திடமாகத்தான் வந்தது. "நேத்து சாவடியில பேரு சொன்னதைக் கேள்விப்பட்டு ராத்திரி பூரா எங்க வீட்டுல தூங்கவே இல்ல" என்றாள். "காலையில மையத்து எடுக்கணும்னு அவரு புதுத் துண்டெல்லாம் எடுத்து வச்சிட்டாரு."

அடுப்படியிலிருந்து ஷோனாபான் சிரித்தாள். அசாமிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து ஜைகுன் கேட்டதில்லை.

ஒரு மணி நேரத்தில் தோத்தா மியாவே வந்தான். வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆங்குரா, அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் இர்ஷாத். தோத்தா மியா யாரையும் பார்க்காமல் பேசினான். "கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. ஆனா ஆங்குரா, நீ என் பேரை அங்க மெதுவா சொல்லணும். ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி சொல்லக் கூடாது."

"மெதுவா சொன்னா கேக்காது, ரெண்டாந்தரம் கத்தணும்" என்றாள் ஜைகுன். "அது இன்னும் மோசம்."

"அண்ணே" என்று சுனாபரைப் பார்த்தான். "உடம்பு நெசமாவே நல்லா இருக்கில்ல?"

"உன் துண்டை மடிச்சு வைடா. உனக்கே உதவும். வந்து பாய்க் கயிற்றைப் பிடி."

பாயை விரித்தார்கள். பழைய பாய், மூன்று இடத்தில் சாக்குத் துணி ஒட்டுப் போட்டது. ஆனாலும் காற்று பிடித்தது. அன்றைக்குத் தெற்கிலிருந்து காற்று, ஆபால் இல்லை. உச்சிப் பொழுதுக்குள் காஜிர்ஹாட். சுனாபர் இறங்கும்போது கழியை ஜைகுன் கையில் கொடுத்தான். அவள் நேற்று அவன் நின்ற இடத்தில் நின்று படகைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கொப்புளம் உடைந்திருந்தது. கையில் துணி சுற்றியிருந்தாள்.

பாய்க்கு இந்தப் பக்கம் ஆங்குரா கமருனின் புருஷன் பேரைச் சொன்னாள், கமருன் ஆங்குராவின் புருஷன் பேரைச் சொன்னாள். ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பாய்க்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசை பள்ளிக்கூட முற்றம் தாண்டிச் சேற்றுக்குள் நின்றது. சுனாபர் ஒரு மணி நேரம் நின்றான். மேசைக்கு வந்தபோது பாபு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேரு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் எக்லாஸ் சௌத்ரி முந்திக்கொண்டார். நேற்று மௌல்வி முன்னால் பட்டது அவருக்கு இன்னும் ஆறவில்லை. "இவரைக் கேக்கணுமா பாபு? சுனாபர் அலி. மைமால்ஹாட்டி. நம்ம ஆளு. நான் நல்லா அறிவேன்."

"நேத்து என் பொண்டாட்டி சொல்லித்தானே அறிவீங்க, சாகிப்" என்றான் சுனாபர்.

வரிசையில் பின்னால் நின்ற தோத்தா மியா இருமுவது போல வாயை மூடிக்கொண்டான். மௌல்வி தாடியைத் தடவினார்.

"தகப்பன் பேரு?" என்றார் பாபு.

சுனாபர் பாபுவைப் பார்க்கவில்லை. எக்லாஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சொல்லுங்க சாகிப். நல்லா அறிவீங்களே. எனக்கு முன்னால உங்க வீட்டுக்கு மீன் போட்டது அவருதான். முப்பது வருஷம்."

எக்லாஸ் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரைக்கு மேல் ஒரு காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. சுனாபர் காத்திருந்தான். அவனுக்கு அவசரம் இல்லை, பெட்டி எங்கும் போகாது.

"ஹாசிர் உல்லா" என்றான் கடைசியில். மழை இல்லை. சேற்றில் நின்ற கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

பாபு பட்டியலில் கோடு போட்டார். எக்லாஸ் குனிந்து தன் காகிதத்தில் எதையோ எழுதினார். சுனாபர் சீட்டை வாங்கி, ஈரம் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான்.